கற்பூரம் அணைத்த கை

இப்போது சொல்லலாம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் வாயத் திறக்காதே" என்றுதான் என்னிடம் கேட்டிருந்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் வழக்கறிஞர், ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்காமல் பேசமாட்டார். ஆகவே இதை எழுதுவதில் வாக்கு மீறல் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

துக்க வீட்டில் எத்தனையோ பேர் பேசினார்கள். எஸ்டேட்டுக்குக் குழாய்த்தண்ணீர் கொண்டுவந்தவர், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டவர், சிவப்பு அடையாளக் கார்டோடு நாதியற்று நின்றவர்களுக்குக் குடியுரிமை வாங்கித் தந்தவர் என்றெல்லாம். எல்லாம் உண்மைதான். அவர் சட்டமன்றத்தில் எழுந்து நின்றால் எதிர்க்கட்சிக்காரன்கூடப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பானாம். நான் அந்தக் கட்டடத்துக்குள் போனதில்லை. நான் பார்த்தது எங்கள் மாரியம்மன் கோயில் வாசலில், சப்பான்காரன் காலத்தில். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு மேல் சிலிர்க்கிறது.

முதலில் அவருடைய வழக்கத்தைச் சொல்லவேண்டும். யுத்தத்துக்கு முன்னால் சுங்கைப்பட்டாணியில் ஒரு தமிழ் முஸ்லிம் காக்காவின் மளிகைக்கடைக்கு மேல்மாடியில் அவருக்கு ஆபீஸ். கீழேயிருந்து கருவாட்டு வாசனை ஏறிவரும். அவர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசரின் மகன், எங்கள் ஆள்தான். சீமைக்குப் போய்ச் சட்டம் படித்துவிட்டு வந்தவர், பினாங்கில் உட்கார்ந்து பணக்காரர்களுக்கு வழக்காடாமல் இந்தக் கருவாட்டுக் கடை மேலே வந்து உட்கார்ந்தார். கிறுக்கு என்றுதான் பலரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், எனக்கென்ன.

அவரிடம் யார் வழக்கு கொண்டுபோனாலும் முதல் வேலையாக மேசை மேலிருந்த பித்தளைத் தட்டில் ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றுவார். "அடிச்சு அணைச்சுட்டு நடந்ததச் சொல்லு" என்பார். எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அது எங்கள் ஆட்களுக்குச் சத்தியம். கோர்ட்டில் புத்தகத்தைத் தொட்டுக்கொண்டு ஆயிரம் பொய் சொல்வான், கற்பூரத்தை அடித்துவிட்டு ஒரு பொய் சொல்ல நாக்கு எழும்பாது. பொய்ச் சத்தியம் செய்தவனைவிட அவன் பெண்சாதி வயிற்றுப் பிள்ளையைத்தான் அது முதலில் பிடிக்கும் என்பார்கள். படித்த மனிதர் இதையெல்லாம் நம்புவாரா என்று எங்களுக்குள் பேச்சு. அவர் நம்பினார். கற்பூரத்தை அடிக்கத் தயங்கியவனை, "போயிட்டு அப்புறம் வா" என்று படியிறக்கி அனுப்பிவிடுவார்.

என் வீட்டுக்காரரும் ஒருமுறை அந்தத் தட்டில் கற்பூரம் அடித்தவர்தான். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் என்னைக் கேவலமாகப் பேசினான், இவர் அவனை ரப்பர்ப் பால்வாளியால் அடித்துவிட்டார். கேஸ் ஆனது. அடிக்கவே இல்லை என்று சாதிக்கலாம் என்று போனோம். தட்டைப் பார்த்ததும் இவர், "அடிச்சேங்கய்யா, நல்லாவே அடிச்சேன்" என்று கொட்டிவிட்டார். அவர் சிரித்தார். "சரி, அடிச்சேன்னு நீ சொல்லு. ஏன் அடிச்சேன்னு நான் சொல்றேன்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டு வெள்ளைக்கார நீதிபதி மண்டோரைத்தான் முறைத்தான்.

பிறகு சப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஒரே நாளில் மோட்டார் காடியேறி ஓடிவிட்டான். பால்மரம் வெட்டுகிற வேலை அரைகுறை. அரிசி இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு, கிழங்கு தீர்ந்தால் அதன் இலை. கால் வீங்கி, வயிறு வீங்கி, லயத்து வரிசைவீடுகளில் ஒவ்வொன்றாகப் பாடை இறங்கியது. ஆம்பிளைகளைச் சயாமுக்கு ரயில் போட அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் கைக்குழந்தைக்கும் கால் வீங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டு இவரால் சும்மா இருக்க முடியவில்லை. பெண்டாங் பக்கம் வயல்காட்டில் ஒரு மலாய்க்கார சிநேகிதர் இருந்தார். அவரிடமிருந்து அரிசியை வயிற்றில் கட்டி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார். எங்களுக்கு மட்டும் இல்லை, எங்கள் லயத்தில் பிள்ளைக்காரி இருந்த வீட்டுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கை. அரிசி கடத்துவது பெரிய குற்றம். பிடிபட்டால் தூக்கினவனுக்கு மட்டும் இல்லை, தின்ற வீடு அத்தனைக்கும் அடி.

அப்படி இவர் பெண்டாங் போயிருந்த ஒரு நாள்தான் திகாம் பத்து ஊருக்குப் போகிற சடக்கோரம் யாரோ சப்பான்காரனின் டெலிபோன் கம்பியை வெட்டிவிட்டார்கள். யார் வெட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் அன்றைக்கு இவர் இல்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். துரை ஓடிய பிறகு எஸ்டேட்டை நடத்திக்கொண்டிருந்த ஆபீஸ் கணக்கர், பெரிய கிராணி, இவர் பேரைச் சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்ததும் இவரைக் கட்டி ஆபீஸ் தூணில் சாய்த்துவிட்டார்கள். அதற்கடுத்த நாள் காலை பட்டாளத்து ஆபீசர் வந்து அழைத்துப்போவானாம். அழைத்துப்போன இடத்திலிருந்து தலை தனியாகத்தான் வரும். சுங்கைப்பட்டாணி பசாரில் கம்பத்தில் மாட்டிவைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். நான் போய்க் கிராணி காலில் விழுந்தேன்.

"எந்திரி" என்றார் அவர். "ஒரு ஆளக் குடுக்கலன்னா பத்து ஆள எடுத்துட்டுப் போவானுங்க. ஒன் புருசன் அன்னிக்கு எங்க இருந்தான், சொல்லு. சொல்ல முடியுமா ஒன்னால?"

சொல்ல முடியாது. அரிசி என்று ஒரு வார்த்தை சொன்னால் லயம் முழுக்கப் போய்விடும். கிராணிக்கு அது அரைகுறையாகத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பத்துப் பேரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று பின்னாளில் பலர் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இருக்கலாம். எனக்கு அவர் மேல் இன்னும் கோபம்தான்.

குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுச் சுங்கைப்பட்டாணிக்கு நடந்தேன். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. சப்பான்காரன் கோர்ட்டில் வக்கீலுக்கு என்ன வேலை? வீட்டுக்குப் போனேன். முழங்கால்வரை மண்ணோடு அரைக்கால் சட்டையில் கிழங்குக்கு மேடு கட்டிக்கொண்டிருந்தார். சீமையில் படித்த கை, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போயிருந்தது. அவர் மனைவி வாசலில் வந்து நின்றார். ஆறேழு மாத வயிறு. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய முதல் பிள்ளை என்று ஊருக்கே தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கம்பி வெட்டினது அவனா?"

"இல்லீங்கய்யா. எம்புள்ள மேல ஆணையா இல்ல. வேணும்னா கற்பூரம் ஏத்துங்க, அடிக்கிறேன்."

"கற்பூரத்துக்கு எங்க போறது இப்ப? ஒன் வார்த்த போதும் தங்கச்சி. நீ வீட்டுக்குப் போ. நான் காலையில வரேன்."

நான் நம்பவில்லை. வருவதாகச் சொன்னவர்கள் யாரும் வராத காலம் அது.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் இவரை மண்டிபோட வைத்திருந்தார்கள். ஆபீசர் வந்துவிட்டான், குட்டை ஆள், இடுப்பில் நீண்ட கத்தி. கூட ஒரு மொழிபெயர்ப்பாளன், மலாயில் பேசுகிறவன். நாங்கள் எல்லாரும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு நின்றோம். அப்போது சடக்கில் தடதடவென்று ஒரு சத்தம். சைக்கிளுக்கு டயர் கிடைக்காமல் தோட்டத்து ரப்பர்த் தண்ணீர்க்குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றி ஓட்டுவார்கள் அப்போது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. சத்தம் முதலில் வந்தது, பிறகு அவர் வந்தார்.

கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். கோர்ட்டுக்குப் போடுகிற அதே கோட்டு. உள்ளே ஒட்டுப்போட்ட சட்டை, கீழே ரப்பர்ச் செருப்பு. அந்த வெயிலில், அந்த ஆபீசருக்கு முன்னால், கோர்ட்டுக்கு வந்தவர்போலவே வந்து நின்று, சப்பான்காரன் விரும்புகிற அளவுக்குக் குனிந்து நிமிர்ந்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்த மனுசனுக்குப் பயமே கிடையாதா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

மலாயில் நிதானமாகச் சொன்னார். இந்த ஆள் அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம்வரை சுங்கைப்பட்டாணியில் என் தோட்டத்தில் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தான். நான்தான் வரச் சொன்னேன். பெரட்டுக்கு வராததற்கு நான் பொறுப்பு.

வழக்காட வருவார், சட்டம் பேசுவார், கருணை காட்டச் சொல்லிக் கேட்பார் என்றுதான் நினைத்திருந்தேன். பொய் சொல்லுவார் என்று நினைக்கவே இல்லை. ஊரில் எவன் வேண்டுமானாலும் சொல்லுவான். அவர் சொல்லமாட்டார்.

கிராணிக்கும் அது தெரியும். மெல்ல முன்னால் வந்தார்.

"லாயர் சார், கற்பூரம் அடிக்காதவன் கேச நீங்க தொடவே மாட்டீங்களே. இப்ப ஒங்க வார்த்தைக்கு நீங்க அடிங்களேன். கோயில் இங்கதான இருக்கு லா."

அதையே மொழிபெயர்ப்பாளனிடமும் விளக்கினார். எங்கள் ஆட்கள் அந்த நெருப்பை அடித்துவிட்டுப் பொய் சொல்லமாட்டார்கள், இவரோ சொல்லவே மாட்டார் என்று. ஆபீசர் கேட்டான், உறுமினான், கோயிலைப் பார்த்துக் கையைக் காட்டினான்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மண்டிபோட்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. வேண்டாங்கய்யா என்று வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது, சொன்னால் பொய் வெளியே வந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினார். சாகப்போகிறவன் காப்பாற்ற வந்தவனுக்காகப் பயப்பட்டான்.

அவர் கோட்டைக் கழற்றினார். சுற்றிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். சட்டையைக் கழற்றினார். கோயில் கிணற்றில் ஒரு வாளி இறைத்துத் தலையோடு ஊற்றிக்கொண்டார். ஈரத்துணியோடுதான் சத்தியம் செய்யவேண்டும், அந்த முறையில்கூட ஒன்றையும் குறைக்கவில்லை. பண்டாரம் உள்ளே போய் ஒரு தகரடப்பாவை எடுத்துவந்தார். கரைந்துபோகாமல் இருக்க மிளகு போட்டு வைத்திருந்த கற்பூரம், அந்தக் கோயிலில் அதுதான் கடைசிக் கட்டி. திருவிழாவுக்கென்று காப்பாற்றி வைத்திருந்தது. பண்டாரம் ஏற்றியதில் இரண்டு தீக்குச்சி வீணாய்ப்போனது.

நெருப்புப் பிடித்தது. எனக்கு அவர் மனைவியின் வயிறுதான் கண்ணுக்குள் நின்றது. கத்திவிடலாமா என்று நினைத்தேன். கத்தினால் என் புருசன் போய்விடுவான், கத்தாவிட்டால் அவர் பிள்ளை. அந்தக் கோட்டை மாரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தவில்லை.

"தாயே, நீ அறிய" என்றார். குரல் கோர்ட்டில் கேட்ட அதே குரல். "இந்த ஆளு அன்னிக்கு என் தோட்டத்துல இருந்தான். கம்பிய இவன் வெட்டல. இது சத்தியம்."

அடித்தார். நெருப்பு அணைந்தது. மற்றவர்கள் அடித்த வேகத்தில் கையை எடுத்துவிடுவார்கள். அவர் எடுக்கவில்லை. கையை அப்படியே தட்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், எதற்கோ ஒப்புக்கொடுத்ததுபோல.

எங்கள் லயத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்கள், அம்மனையா அவரையா என்று தெரியவில்லை. ஆபீசருக்குக் கற்பூரம் என்ன தெரியும்? அவன் எங்கள் முகங்களைப் பார்த்தான். எல்லா முகத்திலும் நம்பிக்கை இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவனும் நம்பினான். இனி இவன் என்ன செய்தாலும் உன் தலை என்று அவரிடம் சொல்லச் சொல்லிவிட்டு லாரியில் ஏறிப்போனான். கிராணி கயிற்றை அவிழ்த்தார். கிராணி முகத்தில் மட்டும் நம்பிக்கை இல்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

சைக்கிள்வரை நாங்கள் இரண்டு பேரும் கூடப் போனோம். என் வீட்டுக்காரர் அவர் காலில் விழப்போனார், அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். நான் கோட்டை நீட்டினேன்.

"இத யாருக்கும் சொல்லக்கூடாது" என்றார். "சப்பான்காரனுக்குப் பயந்து சொல்லல. அவன் என்னிக்காவது போயிடுவான். நம்ம ஆளுங்களுக்குக் கோர்ட்டும் இல்ல, படிப்பும் இல்ல. இந்தக் கற்பூரம் ஒண்ணுதான் இருக்கு. லாயரே பொய்ச் சத்தியம் பண்ணினாருன்னு தெரிஞ்சா, நாளைக்கு எவனும் கூசாம அடிப்பான். நான் உசுரோட இருக்கிற வரைக்கும் வாயத் திறக்காதே."

சரியென்று தலையாட்டினோம். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஓய்ந்த நேரமெல்லாம் சுங்கைப்பட்டாணிக்குப் போய் அவர் தோட்டத்தில் கிழங்கு நட்டார். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். இவர் கேட்கவில்லை, பின்னாலாவது அந்தப் பொய்யை மெய்யாக்கிவிடவேண்டும் என்று ஒரு வெறி. நானோ அந்தப் பிள்ளை பிறக்கிறவரை ஒழுங்காகத் தூங்கவில்லை. வருவது எனக்கு வரட்டும், அந்த வயிற்றை விட்டுவிடு என்று அம்மனிடம் சண்டை போட்டேன். பெண்பிள்ளை பிறந்தது, கொழுகொழுவென்று, ஊரே கேட்கிற குரலில் அழுதுகொண்டு. அன்றைக்கு நான் அழுத அழுகையை என் பிள்ளை பிறந்தபோதுகூட அழவில்லை.

சப்பான்காரன் போனான். அவர் மறுபடி கருவாட்டுக் கடை மேலே ஆபீஸ் திறந்தார். ஒருமுறை போயிருந்தபோது கவனித்தேன், பித்தளைத் தட்டில் குண்டூசி கிடந்தது. யாரிடமும் அவர் கற்பூரம் கேட்பதில்லையாம். கடைகளில் கற்பூரம் தாராளமாகக் கிடைத்த காலம் அது.

பிறகு தேர்தல் வந்தது. சட்டமன்றத்துக்கு அவரை நிற்கச் சொல்லி எஸ்டேட் எஸ்டேட்டாக ஆட்கள் போய்க் கேட்டார்கள். நின்றார். எங்கள் பக்கத்தில் ஓட்டுக் கேட்க வருகிறவன் மாரியம்மன் வாசலில் கற்பூரம் அடித்து, உங்களை ஏமாற்றமாட்டேன் என்று சொல்லவேண்டும் என்று எப்படியோ ஒரு வழக்கம் வந்துவிட்டது. எதிர்த்து நின்றவர் தோசை திருப்புவதுபோல அடித்துவிட்டுப் போனார். அடுத்து லாயர் முறை வந்தது.

"நான் கற்பூரம் அடிக்க மாட்டேன்" என்றார்.

"ஏன்யா?"

"காரணம் கேக்காதீங்க. என் வேலையப் பாத்து ஓட்டுப் போடுங்க, இல்ல போடாதீங்க."

கூட்டம் கசமுசவென்றது. மடியில் கனம் இருக்கிறது, அதுதான் வழியில் பயம் என்றான் ஒருவன். அவர் காதில் விழும்படியே சொன்னான். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். தோற்றார். எங்கள் எஸ்டேட்டே அவரைத் தோற்கடித்தது. அவரால் உயிரோடிருந்த என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

அடுத்த தேர்தலிலும் நின்றார். அதே வாசல், அதே கற்பூரம், அதே பதில். கூட்டம் மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தது. என்னால் தாங்கமுடியவில்லை. சொல்லமாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தேன், சும்மா இருப்பேன் என்று கொடுக்கவில்லையே! கிணற்றடிக்குப் போய் ஒரு வாளியைத் தலையோடு ஊற்றிக்கொண்டு வந்தேன். பொம்பளை சத்தியம் செய்து எங்கள் கோயிலில் யாரும் பார்த்ததில்லை. பண்டாரம் தடுக்க வந்தார். "ஏத்துங்க சாமி" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏற்றினார்.

"இவரு ஏன் அடிக்க மாட்டேங்கிறாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "என்னான்னு சொல்ல மாட்டேன், வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா அதுல களவு இல்ல, துரோகம் இல்ல. இவர மாதிரி ஒரு ஆம்பிளைய இந்த வாசல் கண்டதில்ல. இது பொய்யின்னா எங்கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்."

அடித்தேன். நிமிர்ந்தபோது கூட்டத்தின் ஓரத்தில் பழைய கிராணி நின்றார், கிழவராகியிருந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார், லாயரைப் பார்த்தார். அன்றைக்குச் சந்தேகப்பட்டது இன்றைக்கு உறுதியாகிவிட்டது அவருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் போயிருக்கும். சொல்லவில்லை. கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துபோனார்.

அந்தத் தேர்தலில் ஜெயித்தார். அதற்குப் பிறகு தோற்கவே இல்லை. அலோர் ஸ்டாருக்குச் சட்டமன்றத்துக்கு முதல்முறை போகிற அன்று காலை, காடியைச் சடக்கில் நிறுத்திவிட்டு லயத்துக்கு வந்தார். புதுக் கோட்டு. எங்கள் வீட்டுப் பலகையில் உட்கார்ந்து, நான் கொடுத்த கோப்பியைக் குடித்தார். கோயிலில் நடந்ததைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போதுதான் கேட்டார்.

"அன்னிக்குக் கற்பூரம் அடிச்சியே, கை சுட்டுச்சா தங்கச்சி?"

"இல்லீங்கய்யா. அடிச்சதே தெரியல."

தன் வலது கையை விரித்து ஒரு நிமிடம் பார்த்தார். அதில் தழும்பு ஒன்றும் இல்லை, நான் பார்த்தேன்.

"எனக்கு இன்னும் சுடுது" என்றார்.

கொல்லையில் என் வீட்டுக்காரர் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவர் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சிரித்து, "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுக் காடியை நோக்கி நடந்தார்.